வீட்டுக்குக் கீழே பாய் மளிகைக் கடையா, தூரத்துத் தள்ளுபடிக் கடையா?

11 ஜனவரி 2025 (கேட்டவர்)

சிங்கப்பூரில் செங்காங்குக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உள்ள மாமாக் கடையில் (சின்ன மளிகைக் கடை) 5 கிலோ பொன்னி அரிசி 13.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஃபேரர் பார்க் பக்கம் தள்ளுபடிக் கடையில் அதே மூட்டை 10.90. இது கொள்ளை இல்லையா? ரசீது கிடையாது, பொருள் சேவை வரி என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. இனிமேல் மாதம் ஒருமுறை தூரத்துக் கடைக்கே போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிடப் போகிறேன். கீழ்க்கடையில் வாங்குகிறவர்களுக்குக் காசின் அருமை தெரியவில்லை என்பதுதான் என் கருத்து. இல்லை என்பவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு (பதில் சொல்பவர், இனி எல்லாம் இவர் எழுதியவை)

கணக்கோடு கேட்டால் கணக்கோடு சொல்கிறேன் தம்பி. நான் ஈசூன்வாசி, இருபத்திரண்டு வருடமாக ஒரே புளோக், எதிர்ப் புளோக்குக்குக் கீழே பாய் ஒருவர் நடத்தும் மளிகைக் கடை. போன மாதம் எனக்கும் வீட்டுக்காரிக்கும் இதே வாக்குவாதம் வந்ததால் ஏழு சாமான்களுக்கு இரண்டு இடத்திலும் விலை பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். அரிசிக்கு நீங்கள் சொன்ன அதே விலைதான். உளுந்து கிலோ பாயிடம் 4.80, அங்கே 3.70. துவரம் பருப்பு 4.50, அங்கே 3.40. நல்லெண்ணெய் பாட்டில் 12 வெள்ளி, அங்கே 9.50. மிளகாய்த் தூளிலும் மல்லித் தூளிலும் சேர்த்து 1.20 மிச்சம், சலவைத் தூள் பெரிய பையில் 2.40 மிச்சம். கூட்டிப் பார்த்தால் மொத்த மிச்சம் 10 வெள்ளி 90 காசு.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் போய்வர ஆளுக்கு ஏறக்குறைய 4 வெள்ளி, ஆக கையில் நிற்பது 2.90. அங்கே போய்விட்டுத் தே தாரிக் (இழுத்து ஆற்றின பால் தேநீர்) குடிக்காமல், பரோட்டா தின்னாமல் யார் திரும்பி வருகிறார்கள்?

12 ஜனவரி

வரி விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பதியாத கடை அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. அதனால் பாய் உங்களிடம் 9 விழுக்காடு வாங்கவில்லை என்றால் ஏய்க்கிறார் என்று அர்த்தமில்லை, வாங்கினால்தான் தப்பு. ஆனால் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது அவர் அந்த வரியைக் கட்டித்தான் எடுக்கிறார். பதிந்த பெரிய கடை அதைத் திரும்பக் கழித்துக்கொள்ளும், இவருக்கு அந்த வழி கிடையாது, அது அப்படியே அரிசி மூட்டையின் விலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 7 விழுக்காடாக இருந்தது 2023இல் 8 ஆகி, 2024இல் 9 ஆனபோது இரண்டு தடவையும் பாய் விலை ஏற்றினார். நானும் இரண்டு தடவையும் முறைத்தேன். பதியாத கடைக்கு எதற்கு விலையேற்றம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

12 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

செங்காங் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் கவனிக்கவே இல்லை. உங்களுக்கு வடகிழக்குப் பாதையில் எட்டே நிறுத்தம், மாறாமல் ஃபேரர் பார்க்கில் இறங்கிவிடலாம். நான் பஸ் பிடித்து ஈசூன் நிலையம் வந்து, தோபி காட் நிலையத்தில் இறங்கி, அங்கே ஒரு நடை நடந்து மாறி, வீட்டு வாசலிலிருந்து கடை வாசலுக்கு ஒரு மணி நேரம். என் கணக்கு எனக்குத்தான். உங்களுக்கு அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

19 ஜனவரி

திருத்தம். இன்றைக்குத் தூரத்துக் கடை எண்ணெய் பாட்டில் காலியாகி, பாய் கடைப் பாட்டிலையும் அதையும் தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உயரம் ஒன்றுதான், இடுப்பு மட்டும் மெலிந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் 900 மில்லி. பாயுடையது முழு லிட்டர். அப்படியென்றால் லிட்டருக்கு 10.55 ஆகிறது, வித்தியாசம் 2.50 இல்லை, 1.45தான். மொத்த மிச்சம் 10.90 அல்ல, 9.85. வீட்டுக்காரி இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

19 ஜனவரி, இன்னும் ஒன்று

ரயில் காசு ஆளுக்கு 4 வெள்ளி என்று எழுதினேனே, அதிலும் ஒரு ஓட்டை. நாங்கள் பல நாள் கோயிலுக்காகத்தான் சிராங்கூன் சாலைக்குப் போகிறோம். வீரமாகாளியம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அரிசி வாங்கினால் ரயில் காசை அரிசியின் தலையில் கட்டலாமா, அம்மன் கணக்கில் எழுதுவதா? இதற்கு யாராவது தணிக்கையாளர் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி

தம்பி, முதல் மாதக் கொள்முதல் 96 வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் எவ்வளவுக்குப் போட்டீர்கள் என்பதை எழுதவில்லை. கேட்கக் காரணம் இருக்கிறது. நேற்று நான் 48 வெள்ளிக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன், 83 கட்டிவிட்டு வந்தேன். நடுவில் நுழைந்தவை: முந்திரி, பிஸ்தா (இரண்டும் எனக்கு ஆகாது), எவர்சில்வர் இட்லித் தட்டு (வீட்டில் இரண்டு இருக்கிறது), ஒரு சூட்கேஸ் பூட்டு. இந்த வருடம் எங்கேயும் பயணம் இல்லை. அந்தப் பூட்டை ஏன் எடுத்தேன் என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன், இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, சும்மா போவதா என்கிற நினைப்பைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை. பாய் கடையில் இந்த ஆபத்தே இல்லை. அங்கே மொத்தமே நாலு எட்டுதான் நடக்க முடியும், அதிலும் ஒரு எட்டு வெங்காயச் சாக்குமேல்.

9 பிப்ரவரி

அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2025 ஜனவரியில் வீட்டுக்கு 300 வெள்ளி வந்ததே, அதில் 150 பேரங்காடிகளுக்கு, 150 உணவங்காடிக் கடைகளுக்கும் இந்த மாதிரி அக்கம்பக்கக் கடைகளுக்கும். அந்தப் பாதியைப் பேரங்காடியில் நீட்டினால் செல்லாது. எங்கள் பாய் சேர்ந்திருக்கிறார், கைப்பேசியில் ஸ்கேன் செய்துகொள்கிறார். 13.50 அரிசிக்குப் பற்றுச்சீட்டைக் கொடுக்கும்போது ஏனோ மனசு வலிக்கவில்லை. அதுவும் காசுதானே என்று புத்தி சொல்கிறது, கேட்க மாட்டேன் என்கிறது கை.

பாயின் கணக்குப் பிள்ளை இன்னும் பழைய ஆள்தான்: அட்டையில் 555 என்று அச்சடித்த உள்ளங்கையளவு நோட்டு. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டு என்றால் விளக்கம் வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், கடன் சொல்லி வாங்கினால் அதில் ஏறும், சம்பள நாளில் இறங்கும். எனக்கு ஒரு பக்கம், புளோக் எண்ணை மட்டும் போட்டிருப்பார், பேர் கிடையாது. அதே புளோக்கில் இன்னொரு கடன்காரர் முளைத்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். "அதுக்கு வேற நோட்டு" என்றார்.

16 மார்ச்

உளுந்து. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டிசம்பரில் ஒரு தள்ளுபடிக் கடையில் 5 கிலோ மூட்டை 16 வெள்ளிக்குக் கிடைத்தது. பாய் விலையில் 24 ஆகியிருக்கும், 8 வெள்ளி லாபம் என்று தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். நேற்று தோசைக்கு ஊறப்போட டின்னைத் திறந்தால், கையை உள்ளே விட்டதும் பருப்பு நகர்கிறது. வண்டு. கறுப்பாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, வெளிச்சம் பட்டதும் பருப்புக்கு அடியில் போகப் பார்க்கிறது. ஒவ்வொரு பருப்பிலும் ஊசியால் குத்தினது மாதிரி ஓட்டை. நடைபாதையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினேன், எதிர்வீட்டு ஆன்ட்டி முறத்தைக் கொண்டுவந்து "ஐயோ, அங்கிள்" என்றுவிட்டு உட்கார்ந்து புடைத்துக் கொடுத்தார். அரைநாள் போச்சு. தேறாத 2 கிலோவைத் தூக்கிப் போட்டோம், அதன் மதிப்பு 6.40. எட்டில் 6.40 போனால் 1.60. அரைநாள் கூலியையும் ஆன்ட்டிக்குக் கொடுத்த கேசரியையும் இதில் சேர்க்கவில்லை.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் பருப்பை மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்கிற வேலை வேண்டாம். மிளகாய் வற்றலைப் போட்டு வை, வேப்பிலையைப் போட்டு வை என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். டிசம்பரில் எங்கே போனீர்கள்?

23 மார்ச்

"பெரிய கடைகள் வந்துதான் சின்னக் கடைகளை அழித்தன" என்று கீழே ஒருவர் எழுதியிருப்பது முழுசாகச் சரியில்லை என்று நினைக்கிறேன். என் அப்பா தோ பாயோவில் இருந்தவர். 1973இல் அரிசி விலை தாறுமாறாக ஏறினபோது தொழிற்சங்கம் அங்கேதான் வெல்கம் என்ற பேரில் முதல் பேரங்காடியைத் திறந்தது, இன்றைய ஃபேர்பிரைஸ் பேரங்காடிகளுக்கு மூலம் அதுதான். பதுக்கி வைத்து விலை ஏற்றின கடைக்காரர்களும் அப்போது இருந்தார்கள் என்று அப்பா சொல்வார், எல்லாரும் 555 நோட்டு வைத்திருந்த நல்லவர்கள் இல்லை. அதே அப்பாதான் கடைசிவரை சீனர் மளிகைக் கடையில் கருவாடு வாங்கினார். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் மைலோ பானத்தூள் டின்தான் அங்கே கல்லாப்பெட்டி, இழுத்துச் சில்லறையைப் போட்டுக் கையை விட்டால் மேலே போய்விடும். அதைப் பார்க்கவே நானும் கூடப் போவேன்.

23 மார்ச், சேர்க்கை

என் பாய் மட்டும் பதுக்க மாட்டாரா என்று ஒரு கேள்வி. ஒரு தடவை பதுக்கினார், எனக்காக. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினபோது இங்கே ஆளுக்கு நாலு மூட்டை தூக்கினார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் சாப்பிடுவது புழுங்கல், அந்தத் தடையில் அது வராது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு யார் தூக்கினார்கள்? நான் தூரத்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொன்னி இருந்த தட்டில் வெறும் விலைச்சீட்டுதான் ஒட்டியிருந்தது. பாய் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து, மேலே சலவைத் தூள் பையை வைத்து மறைத்து, "வீட்டுக்குப் போய்ட்டுப் பிரிங்க" என்றார். விலை பழைய விலை. மற்றவர்கள் கண்ணில் இது பதுக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

8 ஜூன்

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், பாய் கடை அடைப்பு. மச்சான் கார் எடுத்தார், "இங்கே என்ன விலை பார்க்கிறது, ஜோகூர் போவோம், ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேலே" என்றார். இதற்குத்தான் தூரத்துக் கடை என்று பேர் வைக்க வேண்டும். முதலில் பெட்ரோல்: நம் ஊர்க் கார் முக்கால் டாங்கிக்குக் குறையாமல் நிரப்பிக்கொண்டுதான் மலேசிய எல்லை தாண்ட வேண்டும், அதை இங்கத்திய விலையில் போட்டார். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான், நடந்தால் கால் மணி. பள்ளி விடுமுறையும் பெருநாளும் சேர்ந்துகொண்டதில் எங்களுக்கு மூன்று மணி நேரம். பின்சீட்டில் சின்னவன் இரண்டு தடவை தூங்கி எழுந்தான், இரண்டு தடவையும் அதே லாரிதான் முன்னால்.

விலை மலிவுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன். சலவைத் திரவம், பிஸ்கட், குழந்தை நாப்கின் இதெல்லாம் அள்ளலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வரி விலக்கு ஆளுக்கு 100 வெள்ளிக்கு மட்டும், 48க்கு மேலே தங்கினால் 500. அதற்கு மேற்பட்டதற்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும். தம்பி, உங்களுக்கு இன்னொன்று: வேலை அனுமதிச் சீட்டு, சார்ந்திருப்போர் அட்டை இந்த மாதிரி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. நிரந்தரவாசி ஆன பிறகு போங்கள்.

திரும்பி வந்து இறங்கும்போது மணி ராத்திரி ஒன்பதரை. பால் வாங்க மறந்திருந்தோம்.

17 ஆகஸ்ட்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கடையில் மைலோ 2 கிலோ பைக்குச் சலுகை, ஆளுக்கு இரண்டு. வரிசையில் எனக்கு மூன்று பேர் முன்னால் ஒரு தொப்பி, தெரிந்த தொப்பி. எங்கள் பாய்! தள்ளுவண்டியில் இரண்டு மைலோ, இரண்டு எண்ணெய். என்னைப் பார்த்ததும் வெட்கப்படுவார் என்று நினைத்தேன், அவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "வாங்க வாங்க, ஒங்களுக்கு மைலோ வேணாம்ல? எனக்கு ரெண்டு எடுத்துட்டு வாங்க."

எடுத்தேன், வேறென்ன செய்ய. வெளியே பஸ் நிறுத்தத்தில் விளக்கினார். சப்ளையர் அவருக்குப் போடுகிற விலையைவிட இங்கே சலுகை நாளில் விற்கிற விலை குறைவு. கம்பெனியிடம் பெரிய கடை லாரி லாரியாக எடுக்கும், அவர் எடுப்பது ஆறு பை. கடையநல்லூரிலிருந்து வந்த அவருடைய வாப்பா காலத்தில் சப்ளையர்கள் கடைக்கே வந்து சரக்கை வைத்துவிட்டுப் பிறகு காசு வாங்குவார்களாம். இப்போது குறைந்தது இவ்வளவு எடுத்தால்தான் வண்டி அனுப்புவோம் என்கிறார்கள், அவ்வளவு வைக்க அவரிடம் இடமில்லை. "பாருங்க, ஒங்க தூரத்துக் கடைதான் எனக்கும் தூரத்துக் கடை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது. நான் 13.50, 10.90 என்று எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த வித்தியாசத்தில் இந்த மனுஷன் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவதும் இருக்கிறது. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை.

24 ஆகஸ்ட்

வீட்டில் மைலோ தீர்ந்துவிட்டது. போன வாரம் நான் தூக்கிக்கொண்டு வந்த அதே பையை இன்றைக்குப் பாயிடம் 1 வெள்ளி அதிகம் கொடுத்து வாங்கினேன். அடையாளம் தெரிந்தது, பஸ்ஸில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கருவேப்பிலைக் கொத்து ஒன்றைச் சும்மா வைத்தார், சிவப்புப் பையும் சும்மாதான். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலையிலிருந்து பைக்குக் குறைந்தது 5 காசு.

5 அக்டோபர்

புரட்டாசிச் சனி, நேற்றுப் பெருமாள் கோயில். கோயிலுக்கும் கடைக்கும் ஒரே ரயில் நிலையம், எனவே ரயில் காசு பெருமாள் கணக்கு என்று தீர்மானித்துவிட்டேன், மாற்றுக் கருத்து வந்தால் ஏற்கப்படாது. இப்போது நான் அங்கே வாங்குவது அரிசி, எண்ணெய் (மில்லியைப் பார்த்து), சலவைத் தூள், மசாலாத் தூள். கெடாதது, கனமானாலும் பரவாயில்லாதது. தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி, புரட்டாசி முடிந்த பிறகு. பருப்பு, முட்டை, பால், ரொட்டி, தேங்காய், கொத்தமல்லி எல்லாம் பாய். பருப்பு விலை கூடத்தான், ஆனால் அரைக் கிலோ போதும் என்றால் அரைக் கிலோ கொடுக்கிறார்.

தம்பி கேட்டிருந்தார், அவருடைய கீழ்க்கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, காலாவதியான பிஸ்கட்டைத் தலையில் கட்டிவிட்டார், அங்கேயும் வாங்க வேண்டுமா என்று. வேண்டாம். திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தராவிட்டால் அடுத்த புளோக்கைப் பாருங்கள். மாமாக் கடை என்பதற்காக எல்லாரும் மாமா ஆகிவிட மாட்டார்கள்.

18 அக்டோபர்

நாளை மறுநாள் தீபாவளி. காலையில் கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் நசுங்கி, பட்டியல் போட்டு 41 சாமான், ஒரு பூட்டுகூட எக்ஸ்ட்ரா எடுக்கவில்லை, கை இரண்டும் பைப் பிடியில் கன்றிப்போக வீடு வந்து சேர்ந்தோம். இப்போது முறுக்கு மாவு பிசைந்தாகிவிட்டது, எண்ணெய் காய்கிறது, பெருங்காயம் இல்லை. பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் இருக்கிறது, நான்தான் டிக் அடித்திருக்கிறேன். மணி 10.20. பாய் பத்தரைக்கு ஷட்டர் இறக்குவார். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

18 அக்டோபர், 10.40

கிடைத்தது. பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வாங்கினேன். சில்லறை இல்லை, நோட்டில் ஏற்றச் சொன்னேன். என் பக்கத்தைத் திறந்தால் ஆகஸ்ட்டிலிருந்து ஒரு வரி அடிபடாமல் நிற்கிறது: "மைலோ 2, நான் தரணும்." நான் மறந்தே போயிருந்தேன்.